பின்வாசல் வைத்து வெட்டிய குளம்

ஒரு காட்டில் ஒரு பெருச்சாளி தன் மனைவியை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவள் ஒரு தேங்காய்ச் சிரட்டையை மூக்கால் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சிரட்டைக்குள் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. தண்ணீருக்குள் நெல்மணி அளவில் ஒரு கெண்டைக் குஞ்சு இருந்தது.

“ஆத்தோரம் கெடந்த குட்டை வத்திப் போச்சு,” என்றாள். “எல்லாம் செத்துக் கெடக்கு. இது ஒண்ணுதான் வாயைத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு இருந்துச்சு.”

“மீனை வெச்சு நாம என்ன செய்ய?” என்றது பெருச்சாளி.

“ஒரு குளம் வெட்டுங்க. ஊர் பூரா வளை தோண்டுதீங்க, வீட்டுக்குப் பின்னால எடம் சும்மாதான கெடக்கு? நான் போய் இன்னொரு சிரட்டை தண்ணி கொண்டாந்திருதேன். இது பத்தாது.”

போனாள். ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பொட்டல். அங்கே ஒரு புதர் கிடையாது, ஒரு வளை கிடையாது. தரையில் ஒரு நிழல் விழுந்தது என்றும், நிழல் போன பிறகு சிரட்டை மட்டும் கிடந்தது என்றும் முயல் வந்து சொன்னது.

அந்தக் காட்டில் இருந்தது ஒரே ஒரு கழுகு. காட்டுக்குத் தலைவரும் அதுதான். தலைவர் என்பதால் இனி அவரை ‘அவர்’ என்றே சொல்ல வேண்டும். நிழல் யாருடையது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. மறுநாள் இரங்கல் கூட்டம் நடந்தது. தலைவர் நேரில் வந்து பேசினார். “பூரணத்தம்மாள் மிகவும் மென்மையானவர்” என்று சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்தது. ஒருமுறை இருமியதும் சரியாகிவிட்டது.

கூட்டம் முடிந்த கையோடு பாதையோரத்து இலுப்பை மரங்களுக்கு நடுவே ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. நடுவில் தலைவர், இறக்கை இரண்டையும் விரித்தபடி. அவர் கண்ணோரம் ஒரு சொட்டுக் கண்ணீர். அச்சடித்த கடையிலேயே சேர்த்துக் கொடுத்தது. கீழே மூலையில், ஒரு நீள்வட்டத்துக்குள், ஒரு பெருச்சாளி முகம். பூரணம் படம் எடுத்துக்கொண்டதே இல்லை என்பதால் அவள் தம்பி கோமதிநாயகத்தின் படத்தைப் போட்டிருந்தார்கள். உயிரோடிருந்த கோமதிநாயகம் அதைப் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் படுத்தது. படத்துக்குக் கீழே இருந்த பெயர் மட்டும் சரியாக இருந்தது.

பெருச்சாளி வீட்டில் அதுவும் மீனும் மட்டும் மிஞ்சின. சிரட்டை வளையின் வாசலில் இருந்தது. காலையில் இலைகளில் தேங்கும் பனியைப் பெருச்சாளி அதில் வடித்து ஊற்றும். மீன் வளர்ந்தது. பேச்சும் வந்தது. பேச்சு வந்ததும் அது நிற்கவில்லை.

“அண்ணாச்சி, திரும்பிப் படுக்கணும்னா எடமில்லை. வாலை மடக்கிக்கிட்டுக் கெடக்கேன்.”

“பொறு.”

“நான் பொறுக்கேன். தண்ணிதான் பொறுக்க மாட்டேங்கு. முன்னால முதுகு நனைஞ்சுது. இப்ப வயிறு மட்டுந்தான் நனையுது. மதினி என்ன சொல்லிட்டுப் போனாவ?”

“குளம் வெட்டச் சொன்னா.”

“பெறகு?”

பெருச்சாளி எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனது.

அது பிறந்ததிலிருந்து தோண்டிக்கொண்டிருந்தது. ஆனால் குளம் வெட்டியதில்லை. வளை என்பது உள்ளே போவதற்கு. குளம் என்பது உள்ளே போனதை வைத்திருப்பதற்கு. பெருச்சாளிக்கு இந்த வித்தியாசம் பிறகுதான் தெரிய வந்தது. முதலில் ஒரு கொடியை வளைத்துப் போட்டு, அதை ஒட்டி நகத்தால் கோடு கிழித்தது. கோட்டுக்குள் நின்று முன்கால்களால் மண்ணைப் பறித்துப் பின்கால்களால் எறிந்தது.

எறிந்த மண் வேலி மேல் விழுந்தது. வேலியில் ஓணான் உட்கார்ந்திருந்தது. சுற்றுலா வந்தவர்கள் மறந்துவிட்டுப் போன ஒரு செல்போன் அதனிடம் இருந்தது. காட்டில் யாருக்கு எந்தச் சந்தேகம் என்றாலும் ஓணான் அதில் வீடியோ பார்த்துச் சொல்லும்.

“என்னவே, கண்ணுல மண்ணை அள்ளிப் போடுதீரு? என்ன வேலை நடக்கு?”

“குளம்.”

“அட, அதுக்கு வீடியோ கெடக்குவே. இந்தா பாரும். ஒருத்தன் மண்வெட்டியை எடுக்கான், பாட்டுப் போடுதான், மூணு நிமிஷத்துல குளம், அல்லி, பாலம், பக்கத்துல நாற்காலி. நீரு காலையிலேருந்து முழங்காலு ஆழத்துக்கு வரலை.”

“அவனுக்கு மண்ணு இளகலோ என்னவோ.”

“அதெல்லாம் இல்லை. அவன் மனசு வெச்சுச் செய்யுதான்,” என்றது ஓணான்.

பெருச்சாளியும் மனசு வைத்துத்தான் செய்தது. வேர்களைக் கடித்துத் துண்டாக்கியது. கல் வந்த இடத்தில் கல்லைச் சுற்றிப் பறித்து, வயிற்றால் முட்டி வெளியே தள்ளியது. ஓரத்தில் ஒரு படி விட்டது, தவளை வந்தால் உட்காரட்டும் என்று. களிமண்ணைக் குழைத்து அடியில் அப்பி, வாலால் அடித்து அடித்து மெழுகியது. சரியாக இருக்கிறதா என்று ஓணானைக் கேட்டது. ஓணான் தலையை ஆட்டியது. அது எதைக் கேட்டாலும் ஆட்டும் என்பது பெருச்சாளிக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

மழை வந்தது. குளம் நிறைந்தது. ஒரு பக்கத்துக் கரை தாழ்வாக இருந்ததால் அந்தப் பக்கம் வழிந்தது. பூமிக்கடியில் வேலை செய்தவருக்கு மட்டம் பார்க்கும் பழக்கம் இல்லை. இருந்தாலும் நிறைந்தது.

“விடுங்க அண்ணாச்சி, விடுங்க!” என்று மீன் சிரட்டைக்குள் குதித்தது.

“கலங்கல் தெளியட்டும். காலையில விடுதேன்.”

காலையில் குளத்தில் தண்ணீர் இல்லை. பெருச்சாளியின் படுக்கை அறையில் இருந்தது.

மறுபடி களிமண். மறுபடி வாலடி. மறுபடி மழை. மறுபடி படுக்கை அறை. ஓணான் வேலியிலிருந்து, “உம்ம வீட்டுக்குள்ள நல்ல குளம் வருதுவே, பேசாம நீரு வெளிய படுத்துக்கிடும்” என்றது.

விஷயம் பரவி, ஒரு கொக்கு வந்தது. குளம் சம்பந்தமாக ஆலோசனை சொல்வது தன் தொழில் என்றது. குழியைப் பார்க்கவில்லை. கரையில் ஒற்றைக்காலில் நின்று கேள்விகள் மட்டும் கேட்டது.

“மீன் என்ன ரகம்?”

“கெண்டை.”

“முள் அதிகமோ?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“எந்நேரத்தில் மேலே வரும்?”

சிரட்டைக்குள்ளிருந்து மீன் சொன்னது: “அண்ணாச்சி, குளம் வெட்டத் தெரிஞ்சவன் ஆழம் கேப்பான். இவன் சாப்பாட்டு நேரம் கேக்கான். அனுப்பி வைங்க.”

கொக்கு, குளம் முடிந்ததும் தகவல் சொல்லச் சொல்லிவிட்டுப் போனது.

சிரட்டையில் இப்போது மீனின் வால் ஒரு பக்கமும் வாய் மறு பக்கமும் இடித்தது. மழைக்காலம் முடிந்துகொண்டிருந்தது. பெருச்சாளி மூன்றாம் முறையாகக் குழிக்குள் இறங்கியது. மீன், சிரட்டையைக் கரையோரம் வைக்கச் சொல்லி, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அது பேசாமல் இருந்ததால் ஏதோ விபரீதம் என்று பெருச்சாளி நிமிர்ந்து பார்த்தது.

“என்ன?”

“அண்ணாச்சி, அடியில ஒரு ஓட்டை போடுதீங்க.”

“நானா?”

“களிமண்ணை அப்புதீங்க. அப்பிட்டு, அந்த மூலைக்குப் போறீங்க. போயி, வேற எங்கயோ பாத்துக்கிட்டே, சாய்வா ஒரு வழி பறிக்கீங்க. அது உங்க வீட்டுக்குத்தான் போகுது. பறிச்சுட்டு வாசல்ல லேசா மண்ணைப் போட்டு மூடுதீங்க. தலையால ஒரு முட்டு முட்டினாத் தொறந்துக்கிற மாதிரி. தண்ணி முட்டுது. தொறந்துக்கிடுது.”

பெருச்சாளி மூலையைப் பார்த்தது. வழி இருந்தது. தன் கால்களைப் பார்த்தது. கால்களில் ஈரமண் இருந்தது.

பெருச்சாளி இனத்தில் யாரும் ஒரு வாசலோடு தோண்டியதில்லை. முன்னால் பாம்பு வந்தால் பின்னால் போவதற்கு ஒன்று வேண்டும். அதைத் தனியாக யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. காலுக்கே தெரியும்.

“மூடிருங்க,” என்றது மீன்.

பெருச்சாளி ஒரு உருண்டை களிமண்ணை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனது. வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு களிமண்ணைக் கீழே வைத்துவிட்டது.

“முடியலை.”

“என்ன முடியலை? கையில மண்ணு இருக்கு, எதிர்க்க ஓட்டை இருக்கு.”

“போக வழியில்லாத எடத்துல உன்னை விட மாட்டேன்.”

“அண்ணாச்சி, நான் மீனு.”

“அந்தப் பொட்டல்ல ஒரு பொந்து இருந்திருந்தா அவ வந்திருப்பா. ஒரே ஒரு பொந்து. நான் காடு பூரா தோண்டினேன். அங்க தோண்டலை.”

மீன் சற்று நேரம் வாயைத் திறந்து திறந்து மூடியது.

“சரி அண்ணாச்சி,” என்றது. “ஆனா மதினிக்குப் பொந்து இல்லாததால செத்தாவ. நான் பொந்து இருந்தாச் செத்துருவேன். ரெண்டையும் வெச்சு ஒரு வழி சொல்லுங்க. நாளைக்குள்ள சொல்லுங்க. தண்ணி கொதிக்கு.”

பெருச்சாளி ஓணானைக் கேட்டது. ஓணான் போனைத் தேய்த்துப் பார்த்து, தார்ப்பாய் மாதிரி ஒன்றைக் குழியில் விரித்தால் கீழே என்ன ஓட்டை இருந்தாலும் தண்ணீர் நிற்கும் என்றது. அது சொன்னதில் உருப்படியான ஒன்று இதுதான். காட்டில் தார்ப்பாய் கிடையாது. அந்த அகலத்தில், அந்தக் கனத்தில் இருந்தது ஒன்றே ஒன்று.

பெருச்சாளி இலுப்பை மரத்தடிக்குப் போனது. மேலே காகம் உட்கார்ந்திருந்தது. தலைவரின் உதவியாளர்.

“இந்தப் பேனரை நான் எடுத்துக்கிடலாமா?”

“எதற்கு?”

“செத்தது என் வீட்டுக்காரி.”

“இறந்தவர் உங்கள் வீட்டுக்காரி. பேனர் தலைவருடையது. வருத்தப்படுவது நீங்கள் என்று இதில் எங்காவது போட்டிருக்கிறதா?”

போட்டிருக்கவில்லை.

“கூட்டம் முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சே.”

“தலைவரின் துயரம் இன்னும் முடியவில்லை,” என்றது காகம். “முடிந்ததும் அறிவிப்பு வரும்.”

பெருச்சாளி தலையாட்டிவிட்டு வந்தது. மறுநாள் உச்சிவேளையில் தலைவரும் காகமும் வேறொரு இரங்கல் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். வாரத்தில் பாதி நாள் அவர்களுக்கு அந்த வேலைதான். பெருச்சாளி மரத்தில் ஏறி, நான்கு மூலைக் கயிற்றையும் கடித்தது. பேனர் அதன் மேலேயே விழுந்தது. உள்ளே அகப்பட்ட பெருச்சாளி அப்படியே நடக்கத் தொடங்கியது. தலைவர் தரையோடு தரையாக ஊர்ந்து வருவதைப் பார்த்த முயல் இரண்டு நாள் வெளியே வரவில்லை.

முதலில் குழியில் காய்ந்த புல்லைப் பரப்பியது, கல் குத்திக் கிழிக்காமலிருக்க. அதற்கு மேல் பேனர். பின்பக்கம் சொரசொரப்பு; அச்சடித்த பக்கம் வழவழப்பு, தண்ணீர் இறங்காது. ஆகவே தலைவர் மேலே பார்த்தபடிதான் படுக்க வேண்டியிருந்தது. குழியின் வளைவுக்கு ஏற்ப மடித்து மடித்து அழுத்தும்போது அவர் அலகில் ஒரு மடிப்பு விழுந்தது. அழுதுகொண்டே சிரிப்பது மாதிரி ஆகிவிட்டது. ஓரமெல்லாம் கல் வைத்தது. இந்த முறை தாழ்ந்த கரையையும் ஏற்றிக் கட்டியது. மூலையில் இருந்த பின்வாசலை அது மூடவில்லை. பேனருக்கு அடியில் அது அப்படியே இருந்தது. தண்ணீருக்குத் தெரியாது, பெருச்சாளிக்குத் தெரியும். அதனால் அதற்குத் தூக்கம் வந்தது.

அந்த வருஷத்தின் கடைசி மழை பெய்தது. விடிந்ததும் பார்த்தால் தண்ணீர் நின்றது. அடுத்த நாளும் நின்றது. பெருச்சாளி சிரட்டையைச் சரித்தது. மீன் உள்ளே போனது. ஒரு சுற்றுச் சுற்றி மேலே வந்தது.

“எப்படி இருக்கு?”

“எடம் கெடக்கு அண்ணாச்சி, எடம்! வாலை நீட்டிப் பாத்தேன், ஒண்ணும் இடிக்கலை. ஆனா அடியில ஒருத்தன் என்னையே பாக்கான்.”

“அவன் பாக்கட்டும். படம்தான்.”

“எச்சி ஊறுற மாதிரி பாக்கான்.”

“கண்ணீருலே அது.”

மறுநாள் விடியலில் கொக்கு வந்தது, யாரும் தகவல் சொல்லாமலே. கரையில் நின்று, கழுத்தை வளைத்து, தண்ணீருக்குள் பார்த்தது. தண்ணீருக்குள் தலைவர் இறக்கை விரித்து மேலே வந்துகொண்டிருந்தார். கொக்கு ஒரு சத்தம்கூடப் போடாமல் பறந்தது. அதற்குப் பிறகு நாரை வந்தது. மீன்கொத்தி வந்தது. நாரையும் நிற்கவில்லை, மீன்கொத்தி பாதி வழியில் தலைகீழாகத் திரும்பியது.

“அண்ணாச்சி, இந்த ஆளு நல்ல காவல்,” என்றது மீன்.

பெருச்சாளி ஓரத்துக் கற்களை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தது.

பயந்து ஓடியவர்கள் பேசாமலிருப்பார்களா? மூன்றாம் வாய்க்கு விஷயம் தலைவரிடம் போய்விட்டது. ஒரு காலையில் அந்த நிழல் வீட்டுக்குப் பின்னால் விழுந்தது. தலைவர் கரையில் இறங்கினார். காகமும் இறங்கியது. பெருச்சாளி குளத்துக்கும் தலைவருக்கும் நடுவில் வந்து நின்றது. நின்று என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. ஆனால் வளைக்குள் ஓடவில்லை. கால்கள் ஓடத்தான் பார்த்தன.

தலைவர் தண்ணீரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இதை யார் இங்கே வைத்தது?”

“நான்தான்.”

“ஏன்?”

“ஒழுகுச்சு. அதான்.”

“ஐயா,” என்றது காகம் அவசரமாக. “அடியில் தாங்கள் இருந்தால் ஒரு சொட்டுக்கூட வெளியே போகாது என்கிறார்.”

தலைவரின் கண் கலங்கியது. இது அச்சுக் கடையில் சேர்த்தது இல்லை. “என்னை இந்த அளவுக்கு...” என்றார். பிறகு பார்வை மாறியது. “அது என்ன, என் கண்ணுக்குள் போய்ப் போய் வருகிறது?”

அது மீன்.

“சின்ன மீனுங்கய்யா,” என்றது பெருச்சாளி. “சிரட்டையில வளந்தது. எலும்பும் தோலும்தான்.”

“மூக்கில் ஏறுகிறது. எடுத்துவிடு,” என்றார் தலைவர் காகத்திடம். காகம் அலகைத் தீட்டியது. பெருச்சாளி ஓர் அடி முன்னால் வைத்தது.

மீன் தலையை வெளியே நீட்டியது.

“ஐயா வணக்கம். எடுக்கதுன்னா எடுக்கட்டும். ஆனா தண்ணின்னா பாசி பிடிக்கும். பிடிச்சா மொதல்ல கண்ணு பச்சையாவும், பெறகு மூக்கு. ஒரு மாசத்துல ஐயாவும் ஒண்ணுதான், எருமைச் சாணியும் ஒண்ணுதான். நான் இருந்தா நித்தம் பாசியைத் தின்னு தொடைச்சு வெச்சிருவேன். வேற தீனி எனக்கு வேண்டாம்.”

தலைவர் யோசித்தார்.

“இவனைத் தொடக்கூடாது,” என்றார். “முகப் பராமரிப்பாளர் என்று போட்டுக்கொள்.” காகம் போட்டுக்கொண்டது. “தண்ணீரையும் யாரும் தொடக்கூடாது. கலங்கினால் முகம் தெரியாது. குடிக்கிறவர்கள் வழக்கம்போல ஆற்றுக்கே போகட்டும்.”

“பொட்டல் வழியாவா?” என்றது பெருச்சாளி.

“காற்றோட்டமான வழி,” என்றார் தலைவர். கிளம்புவதற்கு இறக்கையை விரித்தவர், மறுபடி குனிந்தார். “மூலையில் சின்னதாக ஒரு படம் இருக்கிறதே, யார்?”

“பேரு என் வீட்டுக்காரியோடது.”

“ஓ. எப்படித் தவறினார்?”

பெருச்சாளி அவர் முகத்தைப் பார்த்தது. தண்ணீருக்குள் இருந்த முகத்தையும் பார்த்தது. உள்ளே இருந்த மீனையும் பார்த்தது.

“இயற்கை மரணம், ஐயா,” என்றது காகம்.

“ஆமாம்,” என்றார் தலைவர். “இயற்கைதான்.”

அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனார். பார்த்த பிறகு பசி நன்றாக எடுக்கிறது என்று காகத்திடம் சொன்னார். பொட்டலில் நிழல் விழுவது நிற்கவில்லை. மீன் உத்தரவுப்படி கண்ணையும் மூக்கையும் தின்று துடைத்தது. மூலையில் இருந்த நீள்வட்டம் உத்தரவில் இல்லை. அங்கே பாசி ஏறிப் பெயரை மறைத்தது.

“அங்கயும் கொஞ்சம் தொடைக்கக் கூடாதா?” என்று பெருச்சாளி ஒருநாள் கேட்டது.

“கெடக்கட்டும் அண்ணாச்சி. வெயிலு படாது.”

மீன் சொன்னது என்ன என்று அடுத்த கோடையில் தெரிந்தது. துடைத்துத் துடைத்து வைத்த முகத்தின் மேல் வெயில் நேராக விழுந்தது. முதலில் சிவப்பு போயிற்று. பிறகு கறுப்பு. ஒரு காலையில் தலைவர் குனிந்து பார்த்தபோது தண்ணீருக்கு அடியில் வெறும் வெள்ளை இருந்தது.

“தண்ணீர் கலங்கியிருக்கிறது, ஐயா,” என்றது காகம்.

தலைவர் அதற்குப் பிறகு வரவில்லை. அவருக்கு வேறு இடங்களில் புதிய பேனர்கள் இருந்தன. கொக்கு ஒருநாள் தைரியமாக வந்து எட்டிப் பார்த்தது. மீன் அதன் கழுத்தைவிடப் பருமனாக இருந்ததால் சும்மா ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனது. தண்ணீரைத் தொடக்கூடாது என்ற உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. முகப் பராமரிப்பாளர் பதவியையும் ரத்து செய்யவில்லை.

குளம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. தண்ணீர் நிற்கிறது. மூலையில் உள்ள பாசியை யாரும் எடுக்கவில்லை.

நீதி: நம் வீட்டு ஆளைத் தின்றவர் வைக்கும் அஞ்சலி பேனரைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். நல்ல கனமான துணி, ஒழுகாது.